சகுனிக்கு யார் சம்பளம் கொடுத்தது?

சீட்டாட்டத்தைப் பிழைப்பாக வைத்துக்கொள்ளலாமா? நம் நாட்டில் இந்தக் கேள்விக்கான பதில், எந்த ஊரில் நின்றுகொண்டு கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே இருந்திருக்கிறது. 2013-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் போக்கரைத் திறமை ஆட்டம் என்று சொல்லி கிளப்களில் ஆட வழிவிட்டது. 2017-ல் குஜராத் உயர் நீதிமன்றம் அதே போக்கரைச் சூதாட்டம் என்றது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், தமிழக அரசின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் சேர்த்ததை மட்டும் செல்லாது என்றது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ எனக்குத் தெரியாது, ஆன்லைனில் பணம் கட்டி ஆடினால் தடை என்று ஒரே போடாகப் போட்டுவிட்டது.

இதில் எந்தக் குழப்பமும் இல்லாமல் இருந்தது ஒரே ஒரு இலாகா. வருமான வரி! 1961-ம் வருட சட்டத்தின் 115 பிபி பிரிவைப் பாருங்கள். லாட்டரி, குறுக்கெழுத்துப் போட்டி, குதிரைப் பந்தயம், சீட்டாட்டம் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். (குறுக்கெழுத்து என்ன பாவம் செய்தது?) ஜெயித்த பணத்தில் முப்பது சதவிகிதம் கட்டு. செலவு கழிக்கக் கூடாது. ஒரு டாக்டர் ஸ்டெதஸ்கோப் வாங்கிய காசைக் கழிக்கலாம். வக்கீல் குமாஸ்தா சம்பளத்தைக் கழிக்கலாம். சீட்டுக்காரர் பஸ் டிக்கெட்டைக்கூடக் கழிக்க முடியாது. காமர்ஸ் படித்தவனுக்கு இதைவிடத் தெளிவான தீர்ப்பு எந்த கோர்ட்டிலும் கிடைக்காது. கோர்ட் திறமை என்று சொன்ன காலத்திலும், கணக்குப் புத்தகத்தில் அப்படி ஒரு தொழில் இருந்ததே இல்லை.

ஆனால் அந்தத் தொழிலைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய கதைகளும் இருக்கின்றன. நான் இங்கே பேச வந்தது அந்தக் கதைகளைப் பற்றித்தான். அவை எப்படிச் சொல்லப்படுகின்றன, எதை விட்டுவிடுகின்றன என்பதைப் பற்றி.

முதலில் நம் ஊர்க்காரர் ஒருவர். அமித் வர்மா. பத்திரிகையாளர். கிரிக்இன்ஃபோவில் நிர்வாக ஆசிரியராக இருந்தவர். 2007-ல் பாஸ்டியா பரிசு வாங்கியவர், 2009-ல் 'மை ஃப்ரெண்ட் சாஞ்சோ' என்று ஒரு நாவல் எழுதியவர். இப்படிப்பட்ட ஆசாமி எழுத்தை ஓரமாக வைத்துவிட்டு சுமார் ஐந்து வருடம் முழுநேர போக்கர் ஆடினார். கூடவே 'எகனாமிக் டைம்ஸ்' நாளிதழில் 'ரேஞ்ச் ரோவர்' என்ற தலைப்பில் போக்கர் பத்தி. கார் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். எதிராளியின் கையில் இன்ன சீட்டுதான் இருக்கிறது என்று அடித்துச் சொல்ல முடியாது, இன்னின்ன சீட்டுகளில் ஏதோ ஒன்று இருக்கலாம் என்று ஒரு வட்டம் போட்டு யோசிப்பதற்கு போக்கரில் 'ரேஞ்ச்' என்று பெயர்.

போக்கர் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிஷம். இப்போது உலகம் பூரா ஆடுவது டெக்ஸஸ் ஹோல்டெம். ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துத் தருவார்கள். நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும். ஏழில் சிறந்த ஐந்து யாருக்கோ அவருக்குப் பணம். திறக்கத் திறக்க நாலு சுற்று பந்தயம் கட்டலாம். கையில் ஒன்றுமே இல்லாமல் பெரிய தொகையை நகர்த்தி, எதிராளியை பயமுறுத்தி சீட்டைக் கீழே வைக்கச் செய்யலாம். நம் மங்காத்தாவில் இந்த வேலையெல்லாம் நடக்காது. உள்ளேயா வெளியேயா, அவ்வளவுதான்.

வர்மாவின் பத்திகளில் எனக்குப் பிடித்தது அவர் சீட்டைப் பற்றிக் குறைவாகவும் மனுஷ மூளையைப் பற்றி அதிகமாகவும் பேசுவது. எடுத்த முடிவு சரியா என்று பார், வந்த பலனைப் பார்த்துக் குழம்பாதே என்பது அவருடைய பல்லவி. சரியாக ஆடியும் தோற்கலாம், கன்னாபின்னாவென்று ஆடியும் ஜெயிக்கலாம். பரீட்சை மார்க்கையும் ஷேர் மார்க்கெட்டையும் வைத்து ஆளை எடைபோடுகிற நமக்கு இது ரொம்பத் தேவையான பாடம்.

கணக்கைப் பாருங்கள். நூற்றுக்கு 55 தடவை ஜெயிக்கிற கெட்டிக்காரர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இருபது ஆட்டம் ஆடினால், அவர் பாதிக்கும் குறைவாக ஜெயித்து நஷ்டத்தோடு எழுந்திருக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆயிரம் ஆட்டம் ஆடினால் அப்படி நடக்க ஆயிரத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை. திறமை என்பது ஆயிரமாவது ஆட்டத்தில்தான் முகம் காட்டும். இருபதாவது ஆட்டத்தில் யார் கெட்டிக்காரன் என்று மேஜையில் இருப்பவனுக்கே தெரியாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தொழில்முறை ஆட்டக்காரரின் கதையை எழுதுகிறவர்கள் எல்லாரும் திறமை கடைசியில் ஜெயிக்கும் என்ற இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொள்கிறார்கள். இருபது ஆட்டத்தில் யாருக்கும் தெரியாது என்ற முதல் பாதியில்தான் அவர்களுடைய சோறு இருக்கிறது!

புரியவில்லையா? ஸ்டூ உங்கர் என்றொரு மகா ஆட்டக்காரரின் கதையைக் கேளுங்கள். நோலன் டல்லா, பீட்டர் ஆல்சன் இருவரும் எழுதி 2005-ல் வந்த 'ஒன் ஆஃப் எ கைண்ட்' என்ற வாழ்க்கை வரலாறு இந்த வகைப் புத்தகங்களில் உச்சம் என்பார்கள். எனக்கும் ஆட்சேபமில்லை. ஆனால் புத்தகத்தைப் பாராட்டுகிறவர்கள் எல்லாம் லாஸ் வேகஸ் அத்தியாயங்களையே பாராட்டுகிறார்கள். என் ஓட்டு அதற்கு முன்னால் வருகிற நியூயார்க் பக்கங்களுக்கு.

உங்கர் 1953-ல் நியூயார்க்கில் பிறந்தவர். அப்பாவுக்கு மதுக்கடை, பந்தயம் பிடிக்கிற வேலை. பையன் பத்து வயதிலேயே ஜின் ரம்மிப் போட்டியில் ஜெயிக்கிறான். ஜின் என்பது நம் ரம்மிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். இரண்டே பேர், ஆளுக்குப் பத்து சீட்டு, செட்டும் வரிசையும் சேர்க்க வேண்டும். கீழே விழுகிற ஒவ்வொரு சீட்டும் பையனுக்கு ஞாபகம் இருக்கும். எதிராளி எதை எடுத்தான், எதை விட்டான் என்பதிலிருந்து அவன் கையையே படித்துவிடுவான். ஹாரி ஸ்டீன் என்று அந்தக் காலத்தில் பேர்போன ஜின் ஆட்டக்காரர் ஒருவர். உங்கர் அவரைத் தோற்கடித்த தோற்கடிப்பில் ஸ்டீன் அதற்கப்புறம் தொழிலாக ஜின் ஆடவே இல்லை.

அப்புறம் என்ன ஆச்சு? உங்கருடன் ஜின் ஆட ஆள் இல்லாமல் போனது. எதிராளிக்குச் சலுகை கொடுத்துப் பார்த்தார். கட்டின் கடைசிச் சீட்டை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம் என்றெல்லாம் சொன்னார். நடக்கவில்லை. லாஸ் வேகஸில் ஜின் போட்டி நடத்தியவர்கள், 'நீங்க வந்தா மத்தவங்க பேர் கொடுக்க மாட்டேங்கறாங்க, தயவுபண்ணி வராதீங்க' என்கிற அளவுக்கு நிலைமை. அதனால்தான் போக்கருக்குப் போனார். தான் உலகத்திலேயே சிறந்தவராக இருந்த ஆட்டத்தை விட்டுவிட்டு, அதிர்ஷ்டம் அதிகம் கலந்த ஆட்டத்துக்குப் போனார். பிழைக்கப் போனார்.

இது எனக்குக் கொஞ்சமும் ஆச்சரியமாக இல்லை. திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரி போகிற ரோட்டில் கிளியனூர். கிளி முகம் கொண்ட சுகமுனிவர் பூஜித்த இடம் என்று ஸ்தல புராணம். ஊர் பெயரைக் கேட்டதும் சீட்டு எடுக்கிற கிளி உங்களுக்கு ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை. அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, முதல் நாள் ராத்திரி ரிசப்ஷன் முடிந்து ஜமுக்காளத்தில் ரம்மி ஆரம்பித்தது. ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு. முதல் சுற்றிலேயே ஸ்கூட் விட்டால் இவ்வளவு, நடுவில் விட்டால் இவ்வளவு, மாட்டினால் எண்பது என்று ரூல் பேசிக்கொண்டிருந்தார்கள். தூணோரம் ஒரு பெரியவர் வெற்றிலை மென்றபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். கை நம நமவென்றிருப்பது பார்த்தாலே தெரிந்தது. யாரும் கூப்பிடவில்லை. ஏன் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன்.

"அவுரு உக்காந்தா நாங்க எழுந்துருவோம் சார். நாம கீழ போடற சீட்டப் பாத்தே நம்ம கையில இன்னா இருக்குதுன்னு சொல்லிடுவாரு. அப்புறம் இன்னாத்துக்கு ஆட்டம்?"

அந்தப் பெரியவருக்கும் ஸ்டூ உங்கருக்கும் ஒரே வியாதி. திறமை ஒரு அளவுக்கு மேல் போனால் தொழில் படுத்துவிடும். ஒரு செஸ் கிராண்ட்மாஸ்டருடன் பணம் வைத்து ஆட நீங்கள் போவீர்களா? மாட்டீர்கள். ஏனென்றால் அங்கே தோற்பவனுக்கு, தான் ஏன் தோற்றோம் என்று தெரிந்துவிடும். சீட்டில் தோற்பவனுக்குத் தெரியாது. 'இன்னிக்கு சீட்டே வரல' என்று சொல்லிக்கொண்டு நாளைக்கும் வருவான். அதிர்ஷ்டம் என்பது சீட்டாட்டத்தில் கலந்த அசுத்தம் என்று நினைக்கிறோம். அதுதான் முதலாளி கொடுக்கிற விளம்பரம்.

கோர்ட்டில் இத்தனை வருடம் நடந்த வாதத்தை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். 1967-ல் உச்ச நீதிமன்றம், ரம்மியில் விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை எடுப்பது எதை விடுவது என்று யோசிக்க வேண்டும், ஆகவே பெரும்பகுதி திறமை என்றது. 1996-ல், நம் சென்னைக் குதிரைப் பந்தய வழக்கில், குதிரையை எடைபோடுவதும் திறமையே என்றது. சட்டத்தின் கேள்வி, திறமை மேலோங்கி இருக்கிறதா என்பது. நியாயமான கேள்விதான். இருக்கிறது என்பதும் சரியான பதில்தான். ஆனால் திறமை இருக்கிறது என்றால் என்ன அர்த்தம்? மேஜையில் திறமைசாலி ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர்கள் காலப்போக்கில் நிச்சயமாகத் தோற்பார்கள் என்று அர்த்தம். லாட்டரியிலாவது எல்லோருக்கும் ஒரே நிலைமை. திறமை என்ற நிரூபணம் கம்பெனிக்குக் கவசமாக இருந்தது. புதிதாக வருகிற பையனுக்கு அது எச்சரிக்கைப் பலகையாக இருந்திருக்க வேண்டும்.

கணக்கில் இன்னொரு ஆளும் இருக்கிறார். மேஜை நடத்துபவர். ஒரு பேச்சுக்கு, ஆறு பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபாயோடு உட்காருகிறார்கள். மொத்தம் ஆறாயிரம். ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் சராசரியாக இருநூறு ரூபாய் சேருகிறது, மேஜைக்காரர் ஐந்து சதவிகிதம் எடுக்கிறார். பத்து ரூபாய். டீ செலவுதானே என்று விட்டுவிடுவோம். மணிக்கு முப்பது ஆட்டம், ஐந்து மணி நேரம். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் போச்சு! ஆறு பேரிடமும் மிச்சமிருப்பது நாலாயிரத்து ஐந்நூறு. சராசரி ஆட்டக்காரன் இருநூற்றைம்பது நஷ்டத்தோடு வீட்டுக்குப் போகிறான், அவன் எந்தத் தப்பும் செய்யாமலே. தொழில்முறை ஆட்டக்காரர் இந்த ஆயிரத்து ஐந்நூறில் தன் பங்கைத் தாண்டி ஜெயித்தால்தான் வீட்டில் அரிசி. அவருடைய சம்பளம் முழுக்க எதிரே உட்கார்ந்திருப்பவன் பாக்கெட்டில் இருக்கிறது. ஆகவே தனக்குக் கீழான ஆட்டக்காரன் உட்கார்ந்திருக்கும் மேஜையைத் தேடுவதுதான் தொழிலின் முதல் பாடம். அப்படிப்பட்டவனுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'மீன்'.

உங்கர் புத்தகத்துக்கு வருகிறேன். 1980-ல் முதல் தடவையாக உலக போக்கர் தொடரின் பிரதான போட்டியில் உட்கார்ந்து, இரண்டு முறை சாம்பியனான டாயில் பிரன்சனைத் தோற்கடித்தார். 1981-ல் மறுபடியும். ஞாபகசக்தி அபாரம். பாப் ஸ்டுபாக் என்ற கேசினோ முதலாளி ஒரு லட்சம் டாலர் பந்தயம் கட்டினார். ஆறு கட்டுகளைக் கலந்து, பாதியைப் போட்டுக் காட்டினால், மீதி மூன்று கட்டில் இருப்பதைச் சொல்ல வேண்டும். சொன்னார், பணத்தை வாங்கினார்.

இந்த மூளை சீட்டு மேஜையில் சம்பாதித்ததை எல்லாம் குதிரையிலும் விளையாட்டுப் பந்தயத்திலும் கொக்கெய்னிலும் கொட்டியது. 1990 போட்டியின் மூன்றாம் நாள் அவரை ஹோட்டல் அறைத் தரையில் நினைவில்லாமல் கண்டெடுத்தார்கள். ஆள் இல்லாத நாற்காலிக்கு முன்னால் இருந்த காய்கள் அதுபாட்டுக்குக் கரைந்துகொண்டிருந்தன. முதல் இரண்டு நாளில் அவ்வளவு சேர்த்திருந்ததால், ஆள் வராமலே ஒன்பதாம் இடம். இந்த ஒரு காட்சிக்காகவே புத்தகத்தைப் படிக்கலாம்.

1997-ல் மூன்றாவது பட்டம். பத்து லட்சம் டாலர். நுழைவுக் கட்டணம் பத்தாயிரம் டாலர்கூட அவர் கையில் இல்லை. பில்லி பாக்ஸ்டர் என்பவர் கட்டினார், பரிசில் பாதியை எடுத்துக்கொண்டார். அடுத்த வருடம் பாக்ஸ்டர் மறுபடி பணம் கட்டத் தயாராக இருந்தும் உங்கர் ஆட வரவில்லை. 1998 நவம்பர் 22-ம் தேதி லாஸ் வேகஸில் ஒரு மலிவு மோட்டல் அறையில் இறந்துகிடந்தார். வயது 45. ஈமச்சடங்குக்கு வசூல் பண்ணியவர் ஒரு லட்சம் தோற்ற அதே ஸ்டுபாக்.

இதை டல்லாவும் ஆல்சனும் நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். 2003-ல் வந்த 'ஹை ரோலர்' படம் போல அழவைக்க முண்டியடிக்கவில்லை. என் குறை வேறு. மேதையும் போதையும் சேர்ந்த சோகம் என்ற சட்டத்துக்குள் கதை கச்சிதமாக உட்கார்ந்துவிடுகிறது. போதை இல்லாவிட்டால் எல்லாம் சுபம் என்று நினைத்து மூடிவைக்கிறோம். அந்த பத்து லட்சம் டாலர், வேறு பலர் ஆளுக்குப் பத்தாயிரம் கட்டித் தோற்ற பணம் என்பது வாசகன் மனதில் தங்குவதில்லை. ஹாரி ஸ்டீன், உங்கர் ஏறிப்போகிற படிக்கட்டாகத்தான் கதையில் வருகிறார். ஒரு மனுஷன் ஒரு ராத்திரியில் தன் தொழிலை இழந்தான் என்பது எவ்வளவு பெரிய கதை!

பில்லி பாக்ஸ்டர் வேலையைச் செய்தவரை நமக்கு முன்பே தெரியும். துரியோதனன்! சகுனி தொழில்முறை ஆட்டக்காரன். சொந்தப் பணம் ஒரு பைசா இல்லை. ஆடுவது மாமன், பணயம் வைப்பது மருமகன். ஒருவனுக்காக இன்னொருவன் ஆடுவது என்ன முறை என்று தருமன் கேட்கத்தான் செய்கிறான். கேட்டுவிட்டு உட்காருகிறான், பாருங்கள், அங்கேதான் வியாசரும், பிறகு இதே கிளியனூர் ரோடு போய்ச் சேருகிற புதுச்சேரியில் 1912-ல் 'பாஞ்சாலி சபத'த்தின் முதல் பாகத்தை வெளியிட்ட பாரதியும் பெரிய ஆட்கள். அவர்கள் ஜெயித்தவன் பக்கம் நாற்காலி போடவில்லை. சகுனியின் வாழ்க்கை வரலாறு என்று எதுவும் இல்லை. தோற்றவன் வீட்டில் என்ன நடந்தது என்பதுதான் காவியம்.

புகழேந்தி இன்னும் ஒரு படி போகிறார். 'நளவெண்பா'வில் நளன் ராஜ்ஜியத்தை இழக்கிறான். கடைசியில் இருதுபன்னன் என்ற ராஜாவுக்குத் தேரோட்டியாகப் போகிறபோது, அந்த ராஜா தான்றி மரத்தில் எத்தனை காய் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிறான். எண்ணிப் பார்த்தால் சரியாக இருக்கிறது. நளன் தன் குதிரை வித்தையைக் கொடுத்து அந்தக் கணக்கு வித்தையை வாங்கிக்கொள்கிறான். அப்போதுதான் கலி அவனைவிட்டு நீங்குகிறான். சூதாட்டமும் எண்கணிதமும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்று இவ்வளவு முன்னால் சொன்ன கதை உலகத்தில் குறைவு. ஆனால் கவனியுங்கள். வித்தை கற்ற நளன் ஒரே ஒரு ஆட்டம் ஆடுகிறான். இழந்ததை எடுக்கிறான். எழுந்துவிடுகிறான். ஆயிரமாவது ஆட்டத்துக்கு அவன் போகவில்லை.

அமித் வர்மாவும் எழுந்துவிட்டார். 2017-ல் 'தி ஸீன் அண்ட் தி அன்ஸீன்' என்ற பெயரில் ஒலி நிகழ்ச்சி ஆரம்பித்து, அதில் இன்னும் பெரிய பெயர் வாங்கினார். அந்தத் தலைப்பு, 1850-ல் பாஸ்டியா என்ற பிரெஞ்சு பொருளாதாரக்காரர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. கண்ணுக்குத் தெரிகிற லாபத்தை மட்டும் பார்க்காதே, தெரியாமல் போகிற நஷ்டத்தையும் சேர்த்துக் கூட்டு என்பது அதன் சாரம். போக்கர் வாழ்க்கைக் கதைகளுக்கு இதைவிடச் சரியான உரைகல் எனக்குத் தெரியாது. 2017-ல் நிபுண் ஜாவா, ஆதித்ய சுஷாந்த் ஜோடி, 2018-ல் நிகிதா லூதர் என்று இந்தியர்கள் உலக போக்கர் தொடரில் தங்கக் காப்பு வாங்கியபோது பத்திரிகைகள் போட்டோ போட்டன. அது தெரிகிற பக்கம். தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மிக் கடனில் தற்கொலை என்று நாலாம் பக்கத்தில் ஒரு பத்திச் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. அதன் பேரில்தான் 2022-ல் நீதிபதி சந்துரு தலைமையில் கமிட்டி, அவசரச் சட்டம் எல்லாம் வந்தன. ஆளுநர் ஒருமுறை திருப்பி அனுப்பி, சட்டசபை மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில்தான் சட்டமானது. இரண்டு செய்தியும் ஒரே கணக்கின் வரவும் பற்றும். ஒரே பக்கத்தில் போட்ட பத்திரிகையை நான் பார்த்ததில்லை.

'ஒன் ஆஃப் எ கைண்ட்' கிடைத்தால் படியுங்கள். இரண்டு ராத்திரியில் முடிந்துவிடும். நியூயார்க் பக்கங்களில் ஸ்டீன் வருகிற இடத்தில் மட்டும் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள்.